கிரிவலப் பாதையில் ஒரு இரும்புப் படகு

மாத்திரை அட்டையைப் படிக்கக் கண்ணாடியைத் தேடுகிற வயசுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். அதனால் இதை உங்களிடம் சொல்லலாம். என் பெண்ணிடம் ஆரம்பித்தால், "மேட்டர் என்னன்னு சொல்லும்மா" என்பாள். நம் வயசுக்காரர்களுக்குத்தான் ஒரு விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால் அந்த வருஷம் வெயில் எப்படி, தெருவில் யார் வீட்டில் டிவி இருந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டியிருக்கிறது.

வெயில் மண்டையைப் பிளக்கிற வெயில். டிவி ஒரே ஒரு வீட்டில்தான், அரிசி மில்காரர் வீட்டில். வருஷம் தொண்ணூற்றிரண்டு. நான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையை ஒட்டியே இருந்தது. அந்தக் கோடையில் எங்கள் வாசலில் பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு இரும்புப் படகு வந்து கிடந்தது.

நம் ஊரில் படகா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடத்திலும் சிரித்தார்கள். "அப்பா என்ன வேலை?" என்று டீச்சர் கேட்டு நான் "படகு ஓட்டறாரு டீச்சர்" என்று சொன்னபோது, பொய் சொல்லாதே என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. குடம் தண்ணீருக்குக் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை நடக்கிற ஊரில் யார் நம்புவார்கள்? ஆனால் அது உண்மைதான். இரண்டு பஸ் மாறிப் போனால் ஒரு அணை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களைப் பன்னிரண்டு பேராக ஏற்றிக்கொண்டு, அணைக்குள் ஒரு வட்டம் அடித்துக் கொண்டுவந்து விடுவார் அப்பா. தினக்கூலிதான். காக்கிச் சட்டை கூட அவரே தைத்துக்கொண்டது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் யாராவது "போட் டிரைவரே" என்று கூப்பிட்டால் அவர் நெஞ்சு நிமிரும்.

இரும்பைத் தண்ணீரில் விட்டால் தண்ணீர் சும்மா இருக்காது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் அரித்துக்கொண்டிருக்கும். அதனால் கோடையில் அணை வற்றியதும் படகைக் கரையேற்றி, கவிழ்த்து, பாசியும் துருவும் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அதற்கு மேல் தார்ப் பெயின்ட் அடித்து மறுபடி இறக்குவார்கள். வழக்கமாக அதெல்லாம் அணைக்கரையிலேயே நடந்துவிடும். அந்த வருஷம் அடித்தகடு சில இடங்களில் மெலிந்துபோயிருக்கிறது, வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்ற வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். "பெயின்ட் அடிச்சா போதாதாய்யா?" என்று இன்ஜினியர் கேட்டதற்கு, "பன்னெண்டு உசுரு சார்" என்றாராம். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். படகு அங்கே போகட்டும் என்று முடிவானது.

கரையேற்றுவதைப் பார்க்க நானும் போயிருந்தேன். வாழை மரத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சேற்றில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பத்துப் பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அந்த வழவழப்பில் படகு மெதுவாக மேலே ஏறியது. பின்னாலிருந்து வாழைத்துண்டை எடுத்து முன்னால் போடுவதற்கு ஒரு ஆள் ஓடிக்கொண்டே இருந்தார். தண்ணீரில் இருக்கும்போது அழகாகத் தெரிந்த படகின் வயிறு வெளியே வந்ததும் எனக்குக் குமட்டிவிட்டது. பச்சைப் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. அதற்குள் நத்தை ஓடுகள், சோற்றுப்பருக்கை அளவு சிப்பிகள். அந்த வாடை ஒரு வாரத்துக்கு என் பாவாடையிலிருந்து போகவில்லை. இன்றைக்கும் எங்காவது அந்த வாடை அடித்தால் நின்று மூச்சை இழுத்துக்கொள்கிறேன், கூட வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள்.

லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தபோது டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு கண்டக்டர் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, "இன்னாய்யா, வெள்ளம் கிள்ளம் வரப்போவுதா? எங்களுக்கும் ஒரு சீட்டு போடு" என்று கத்தினார். அப்பா லாரிக்குள் படகில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். கண்டக்டர் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. பத்து வருஷமாகப் பிடரிக்குப் பின்னால் டீசல் இன்ஜின் அலறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? வீட்டில் நாங்கள் கத்தித்தான் பேசுவோம். அணையில் மற்றவர்கள் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார், புரியாவிட்டால் சிரித்துவைப்பார். சிரிக்கிற மனுஷன் என்று அவருக்கு நல்ல பெயர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்ற அளவுக்குத்தான் அம்மாவுக்குத் தெரியும். எவ்வளவு மோசம் என்பது எனக்குத் தெரிந்தது அந்தப் படகால்தான்.

செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி போட்டுப் படகைக் கவிழ்த்து, நான்கு மரக்கட்டைகள்மேல் உட்கார வைத்தார்கள். பாசியைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தகட்டை வெளியே கொண்டுவந்ததும், அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு சின்னச் சுத்தி, பள்ளிக்கூடத்து சாக்பீஸ் ஒன்று.

"பாப்பா, நான் தட்டிக்கினே வருவேன். நல்ல தகடுன்னா கணகணன்னு சத்தம் இழுக்கும். அரிச்சுப்போன தகடுன்னா டொக்குன்னு செத்துப்பூடும். நீ நல்லா கேட்டு, சத்தம் இழுத்தா இருக்குன்னு சொல்லு. செத்தா இல்லன்னு சொல்லு."

"ஏம்பா, உனுக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டறையில் சித்தப்பா யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார். "கைக்குக் கொஞ்சம் தெரியுது. காதுக்குத் தெரியல. யாருகிட்டயும் சொல்லிடாத. உங்க சித்தப்பாகிட்ட சொல்லவே சொல்லாத. காது கேக்காதவன் கையில படகைக் குடுக்க மாட்டாங்க."

சித்தப்பா தங்கமான மனுஷன், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. காலையில் அவரிடம் சொன்னது மதியத்துக்குள் வேட்டவலம் வரைக்கும் போய்விடும். அதோடு அந்த வருஷம் தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்குகிறார்கள் என்று பேச்சு இருந்தது. படகு சொன்ன தேதிக்குத் தண்ணீரில் இறங்கிவிட்டால் அப்பா பெயரை எழுதி அனுப்புவதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஆகவே அப்பாவின் காதாக நான் இருந்தேன். எனக்கு அதில் எவ்வளவு கர்வம் என்று உங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியபோது கூட அப்படி இருந்ததில்லை.

இரண்டு நாள் முழுக்கத் தட்டினோம். அப்பா ஒரு முழத்துக்கு ஒரு தட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும். நான் தகட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "இருக்குப்பா, இருக்குப்பா, இல்லப்பா" என்பேன். சத்தமாகச் சொன்னால் சித்தப்பாவுக்குக் கேட்டுவிடும் என்று, அப்பாவுக்குத் தெரியும்படி வாயை மட்டும் அசைத்து, "இல்ல" வரும்போது விரலையும் ஆட்டுவேன். அந்த இடத்தில் அப்பா சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வியாழக்கிழமை பொழுது சாயும்போது படகின் முதுகில் முப்பது நாற்பது வெள்ளை வட்டங்கள். மறுநாள் காலையில் வெட்ட வேண்டியது. ஆனால் வேலூரிலிருந்து வரவேண்டிய, தகடு வெட்டுகிற கேஸ் சிலிண்டர் வரவில்லை. அப்பா அணைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறினார்.

அன்றைக்குச் சித்திரை பௌர்ணமி.

இப்போது மாதிரி லட்சக்கணக்கில் வரமாட்டார்கள். ஆனாலும் அந்த வருஷங்களில் கூட்டம் கூட ஆரம்பித்துவிட்டது. நாலு மணி வெயில் தாழ்ந்ததும் வெறுங்காலோடு சாரி சாரியாக நடப்பார்கள். அம்மா வாசலில் மண்பானை வைத்து, வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பை வைத்திருந்த ஒரு அம்மா மோரைக் குடித்துவிட்டுப் படகைப் பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

"படகு" என்றாள் அம்மா.

"மலை சுத்துற பாதையில படகா? சாமி படகா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பட்டறையிலிருந்து சித்தப்பா, "பின்ன? இந்த ஊர்ல வேற யாரு படகுல போவப்போறாங்க? அண்ணாமலையாரு தெப்பத்துக்குத்தான் ரெடியாவுது" என்றார். கேலிக்குச் சொன்னார். அந்த அம்மா கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையிலிருந்து மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்தார். எங்கே வைப்பது என்று பார்த்தவருக்கு வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. பொட்டு வைப்பதற்கென்றே யாரோ இடம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஒரு வட்டத்தில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார்.

ஒருத்தர் வைத்தால் போதாதா? பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு வட்டம் பாக்கியில்லை. படகின் நடு முதுகில் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். நான்கு மரக்கட்டைகளுக்கும் பூ சுற்றித் தேங்காய் உடைத்தார்கள். சித்தப்பாவுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் பயம். "ஐயோ அது அணையோட படகுங்க" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. ஒரு பெரியவர் அவரிடமே திருநீறு கேட்டார். நானும் தெருப்பிள்ளைகளும் அடித்துப்பிடித்துத் தேங்காய் மூடி பொறுக்கினோம்.

விடிந்ததும் அம்மா படகைப் பார்த்து நின்றாள். அவளுக்கு ஒரு பிரச்சினை. சாமிக்கென்று வைத்த பொட்டு. அதன்மேல் சித்தப்பா செருப்புக்காலோடு ஏறுவார், சுரண்டுவார், வெட்டுவார். அதைவிடப் பாவம் உண்டா? அப்படியே விடவும் முடியாது. குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்து, ஒரு குடம் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுக் கும்பிட்டு, பக்தியோடு கழுவிவிட்டாள். கழுவின தண்ணீர் காலில் படாமல் வேப்பமரத்தடியில் போகும்படி வாய்க்கால் வெட்டியது நான். குங்குமத்தோடு சாக்பீஸும் போயிற்று. அது போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மதியம் அப்பா வந்தார். பார்த்தார். தகடு முழுக்க ஈரம் பட்டு ஆரஞ்சு நிறத்தில் புதுத்துரு பூத்திருந்தது. ஒரு வட்டம் கூட இல்லை.

"யாரு கழுவுனது? வட்டமெல்லாம் எங்க?"

"நான்தான். சாமி பொட்டு மேல மிதிக்கிறதா?" என்றாள் அம்மா. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "வட்டமா? அது எதுக்குன்னு எனுக்கு யாரு சொன்னீங்க?" என்று அழ ஆரம்பித்தாள்.

அப்பா கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராதா என்றால், வரும். ஆனால் அம்மா அழுதால் வராது. "சரி வுடு, மறுபடி தட்டிக்கலாம்" என்றார். தகட்டை மறுபடி காய வைத்துத் தேய்க்கவே அன்றைய பொழுது போயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிலிண்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை வெட்டிப் பற்ற வைத்தால்தான் செவ்வாய், புதன் பெயின்ட் காய்ந்து, வெள்ளிக்கிழமை லாரி ஏற்ற முடியும். இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் தட்டி முடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் நம் காலத்தில் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிவியில் வாரத்துக்கு ஒரே ஒரு படம். ஐந்து மணிக்கே போய் மில்காரர் வீட்டுக் கூடத்தில் இடம் பிடிக்காவிட்டால் ஜன்னலுக்கு வெளியே நின்று ஆட்களின் தலையைத்தான் பார்க்க வேண்டும். காலையிலிருந்து கன்னத்தைத் தகட்டில் வைத்து வைத்து, என் கன்னம் வெந்திருந்தது. தகடு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. "இருக்குப்பா, இல்லப்பா" சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகளே வெறுத்துப்போயின. முதல் தடவை இருந்த கர்வம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அம்மா கழுவியதற்கு நான் ஏன் காய வேண்டும் என்று கூடத் தோன்றியது. வாய்க்கால் வெட்டியது நான்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

பின்பக்கம் கடைசி இரண்டு வரிசை பாக்கி இருக்கும்போது மில்காரர் வீட்டிலிருந்து படம் ஆரம்பிக்கிற இசை கேட்டது. அவ்வளவுதான். அப்பா தட்டினார். "இருக்குப்பா" என்றேன். தட்டினார். "இருக்குப்பா." என் காது தகட்டில் இருந்தது, கவனம் மில்காரர் வீட்டில் இருந்தது. ஒரு இடத்தில் அப்பா நிறுத்தினார். அதே இடத்தை இன்னொரு முறை தட்டினார். அவர் கைக்கு ஏதோ பட்டிருக்கிறது.

"நல்லா கேட்டியா பாப்பா?"

"கேட்டேம்பா. இருக்குப்பா."

"நெஜமா?"

"எத்தினி வாட்டிப்பா சொல்றது? கணகணன்னு இருக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் கையைவிட என் காதைத்தான் அவர் நம்பினார். சுத்தியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். கடைசி வரிசை முடிந்த மறுநிமிஷம் நான் ஓடினேன். அன்றைக்கு என்ன படம் போட்டார்கள் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

திங்கட்கிழமை சித்தப்பா வட்டம் போட்ட இடங்களை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்ற வைத்தார். நெருப்புப்பொறி பறப்பதைப் பார்க்கக்கூடாது என்று எங்களை விரட்டினார்கள், நாங்கள் விரலிடுக்கு வழியாகப் பார்த்தோம். பிறகு செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு இரண்டு கோட். அதன்மேல் கறுப்பாகத் தார்ப் பெயின்ட். பின்பக்கம் அந்த இடத்தில் அப்பா பிரஷ்ஷை வைக்கப் போனார். இப்போது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். "இன்னாம்மா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். லாரி வரும் நாள் நெருங்கிவிட்டது, இப்போது சொன்னால் எல்லாம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பதினொரு வயசிலேயே நான் நல்ல வக்கீல்.

சொன்ன தேதிக்குப் படகு தண்ணீரில் இறங்கியது. முதல் ஓட்டத்துக்கு அப்பா என்னை ஏற்றிக்கொண்டார். இன்ஜினியரும் அவர் குடும்பமும் முன்னால் சிவப்பு ரெக்சின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் அப்பா காலடியில், சரியாக அந்த இடத்துக்கு மேலே. அடிப்பலகையில் பாதத்தை வைத்து, ஈரம் தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நடு அணையில் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "அப்பா, கடைசியில நான் சரியா கேக்கலப்பா. பொய் சொல்லிட்டேம்பா" என்றேன்.

இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையை ஆட்டினார். "ஆமாம்மா, நல்ல காத்து" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்லியாயிற்று, அவருக்குக் கேட்காதது என் தப்பா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்க, வாரத்துக்கு எத்தனை தடவையோ, பன்னிரண்டு பன்னிரண்டு பேர் அந்தப் பெயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

மறு வருஷக் கோடையில் படகை அணைக்கரையிலேயே கவிழ்த்தார்கள். லீவு என்பதால் அப்பா என்னையும் கூட்டிப்போனார். எதற்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நாங்கள் ஆரம்பிக்கும் முன்னாலேயே இன்ஜினியர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் முன்னால் நான் எப்படிக் காது கொடுப்பது? அப்பா தனியாகவே தட்டினார். நேராகப் பின்பக்கம், அந்த இடத்துக்குத்தான் முதலில் போனார். ஒரு வருஷமாக அவர் கை அதை மறக்கவில்லை. ஒரே தட்டு. சுத்தி உள்ளே போய்விட்டது.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். அப்பளம் மாதிரி தகடு பொரிந்து உதிர்ந்தது.

"போன வருஷம் இந்த எடத்தைத் தட்டிப் பாத்தியாய்யா?"

"பாத்தேன் சார்."

"சத்தத்துல தெரியலையா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தரம். அவர் இன்ஜினியர் பக்கம் திரும்பி, "எனுக்குக் காது சரியா கேக்காது சார். நாலு வருஷமாவே. வேலை பூடும்னு மறைச்சிட்டேன்" என்றார்.

என் பேச்சே அதில் வரவில்லை. குழந்தையை வைத்துத் தட்டினேன், அது ஏமாற்றிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மட்டும் காது வந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அவ்வளவு பேர் மத்தியில் ஒருத்தர் தலைகுனிய வேண்டியிருந்தது, அவர் குனிந்தார். இன்ஜினியர் கெட்ட மனுஷர் இல்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை. பூங்கா வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார், பிறகு அதிலேயே நிரந்தரமும் ஆனது. படகு மட்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் யாரும் "போட் டிரைவரே" என்று கூப்பிடவில்லை. அப்பா அந்தக் காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டார். ஒரு தீபாவளிக்கு அம்மா அதைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு குண்டான் வாங்கினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அழுதேன். அப்பா ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். "உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத" என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியது, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். சாமி பொட்டை இவள் கழுவினாள், வட்டம் போயிற்று, ஓட்டை தப்பிவிட்டது, புருஷனிடமிருந்து படகைச் சாமி பிடுங்கிக்கொண்டது. "என் கையாலதான் கெடுத்தேன்" என்பாள். மாதாமாதம் பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். பதினான்கு கிலோமீட்டர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் மாதம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அப்புறம் ஹாஸ்டல், கல்யாணம், வேலூர் என்று நான் ஊரை விட்டே போய்விட்டேன். பௌர்ணமி அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்ததே இல்லை. தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் அப்பா போனார். ஒரு வருஷம் மலை சுற்றக்கூடாது என்று அம்மா நிறுத்தியிருந்தாள். வருஷத் திதி முடிந்து அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி கிளம்பினாள். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். முட்டி இரண்டும் வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்து எழுந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. உட்கார வைத்துச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை படத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். "உன்னால இல்லம்மா. நீ கழுவுனதால இல்ல. என்னாலதான்" என்றேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா. அவர்தான் சொல்ல வேணாம்னாரு."

"நீ ஹாஸ்டல் போன மாசம் ஆரம்பிச்சாரு" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"எங்கூட மலை சுத்த. கோயில் வாசப்படி மிதிக்காத மனுசன். உனுக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னா சிரிப்பாரு. மழை பெஞ்சாலும் வுட மாட்டாரு. செருப்பு போட்டுக்கோய்யான்னா, நீ போடலையே, எனுக்கு மட்டும் எதுக்குன்னுவாரு. பத்து வருசத்துக்கு மேல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைக் காட்டிக் குடுக்கவும் முடியல, என்னைத் தனியா வுடவும் முடியல. கூடவே நடந்திருக்காரு."

நான் அழுதேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "ஏந்திரு. செருப்ப இங்கயே வுட்டுட்டு வா" என்றாள்.

"நான் போறேம்மா. உனக்கு முட்டி தாங்காது. அதான் உம்மேல பாவமே இல்லைன்னு சொல்லிட்டேனே."

"பாவத்துக்கு இல்லடி. அவரு இல்லாம நடந்து பாக்கணும்."

வெயில் தாழ்ந்திருந்தது. கூட்டம் போய்க்கொண்டிருந்தது. தார் ரோட்டின் சூடு பாதத்தில் ஏற, அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வசதியாக அவளுக்கு இடப்பக்கம் போய் நின்றேன். நாலு எட்டு வைத்ததும் அம்மா நின்றாள்.

"இந்தப் பக்கம் வா" என்றாள். "அது உங்கப்பா நடக்கிற பக்கம்."